வேதவல்லியை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

அமலோற்பவம் மேடத்தோடு சண்டை போடுவதற்காகப் போய்க்கொண்டிருந்தேன். சிதம்பரத்தில் ஏறிய பேருந்து புதுச்சத்திரம் தாண்டியிருந்தது. சண்டைக்கு வேண்டியதெல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. முதல் வாக்கியத்தை மனதுக்குள் பல விதமாகச் சொல்லிப் பார்த்து, அதிகம் சுடுகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். அப்போதுதான் அவருடைய கணவர் சவரிமுத்து அண்ணன் போனில் கூப்பிட்டார்.

“பூவராகன், எங்க இருக்கீங்க?”

“வந்துகிட்டுதாண்ணே இருக்கேன். ஆலப்பாக்கம் வரப்போவுது.”

“வாங்க. அவ போயிட்டா. காலையில ஆஸ்பத்திரியில மிஷின்ல படுத்திருக்கும்போதே நெஞ்சு வலிக்குதுன்னா. அவ்வளவுதான்.”

அதற்குப் பிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “சீட்டு இருக்குதே சார், ஏன் நிக்கிறீங்க?” என்றார் கண்டக்டர். நின்றால் வண்டி சீக்கிரம் போய்விடுமா என்ன? ஆனாலும் முதுநகர் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன். “உங்களுக்குக் கால்ல வெந்நி ஊத்தி வளத்தாங்களா பூவராகன்?” என்று மேடம் கேட்பது வழக்கம். அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்திருப்பீர்கள்.

நின்றபடியே மனம் ஒரு காரியம் செய்தது. அவரை அறிந்தவர்களிடம் அதைச் சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அது நம் தொழில். ஒரு மாவட்டத்தின் நோய்ச்சுமையை அளக்கிற கணக்கு அது. ஒருவர் உரிய வயதுக்கு முன்னால் இறந்துபோனால், வாழாமல் போன ஆண்டுகள் ஒரு பக்கம். உயிரோடு இருந்தும் நோயோடு கழித்த ஆண்டுகள் இன்னொரு பக்கம். பின்னதை அப்படியே கூட்ட முடியாது, நோய்க்கு நோய் எடை வேறு. முழு நலத்துக்குப் பூஜ்யம், சாவுக்கு ஒன்று, மற்ற எல்லா நோயும் நடுவில். இரண்டு பக்கத்தையும் கூட்டினால் அந்த மாவட்டம் இழந்த ஆண்டுகள் கிடைக்கும். மேடத்தின் வயதில் போனால் எத்தனை ஆண்டு இழப்பு என்பது எனக்கு மனப்பாடம். சிறுநீரகம் கெட்டு இயந்திரத்தோடு வாழ்ந்த காலத்தின் எடையும் மனப்பாடம். காரைக்காடு வருவதற்குள் கூட்டல் முடிந்துவிட்டது. வந்த எண்ணை இங்கே எழுத மாட்டேன். அவ்வளவு சின்ன எண்.

சிதம்பரத்தில் ஒரு வாடகை மாடியில் இருந்தது எங்கள் ஆய்வுக் குழு. மேடம் மருத்துவர், நான் புள்ளிவிவரக்காரன். மாவட்டத்துக்கென்று ஒரு நோய்ச்சுமை அறிக்கை எழுதுவது எங்கள் பொறுப்பு. ஆரம்பத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் ஓர் அதிகாரி பொறுமையிழந்து, “இதெல்லாம் எதுக்கும்மா, எத்தனை பேரு செத்தாங்க, அத மட்டும் சொல்லுங்க” என்றார். மேடம் குரலை உயர்த்தவில்லை. “சாவுக்கு மேளம் அடிச்சு ஊரக் கூட்டறோம் சார். மூட்டு வலிக்கு யாரு மேளம் அடிக்கறாங்க? அதுக்குத்தான் எங்கள வச்சிருக்கீங்க” என்றார். பிறகு அண்ணாகிராமம் பக்கத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கிற பெண்களின் கைகளைப் படமெடுத்து வைத்திருந்ததைக் காட்டினார். ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் வெந்து, சோற்றைக் கையால் பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிடுகிற பெண்கள். அதனால் யாரும் சாவதில்லை. சாகாததால் எந்தக் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை. அந்த அதிகாரி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எங்களுக்கு டீ வரவழைத்தார்.

எடையை யார் போடுவது என்பதுதான் பெரிய பாடு. மக்களிடமே கேட்க வேண்டும். இரண்டு பேரைப் பற்றிச் சொல்லி, இவர்களில் யார் அதிக நலத்தோடு இருக்கிறார் என்று கேட்பதுதான் முறை. அட்டைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். “ஒருத்தருக்கு முழங்காலுக்குக் கீழ கால் இல்ல. இன்னொருத்தருக்கு ரெண்டு கிட்னியும் போயி, வாரத்துல மூணு நாளு மிஷின்ல ரத்தத்தச் சுத்தம் பண்ணணும்.” இதைப் படித்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்.

“யாரு அது? எந்த ஊரு?”

“யாரும் இல்லம்மா. சும்மா ஒருத்தருன்னு வச்சிக்குங்க.”

“சும்மா ஒருத்தருக்கு எப்புடி கால் போவும்?”

போன ஊரெல்லாம் இதே கதைதான். யாரும் அட்டைக்குப் பதில் சொல்லவில்லை. எந்த ஊர் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக, தவறாமல், இன்னொன்றையும் கேட்டார்கள். “யாரு பாத்துக்கறாங்க?” அதற்கு எங்கள் அட்டையில் பதில் கிடையாது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மேடத்துக்குச் சிரிப்பு. கடைசியில், பேர் வைத்துவிடலாம் என்றார். கிட்னி போனவருக்கு வேதவல்லி, கால் போனவருக்கு முருகேசன். “பேரு வச்சா சொந்தம் வந்துடும் மேடம், நோவ எடை போட மாட்டாங்க, ஆளத்தான் போடுவாங்க” என்று நான் குதித்தேன். “வரட்டுமே, இப்ப மட்டும் என்ன வாழுது?” என்றார். பேர் வைத்த பிறகு ஜனங்கள் மடமடவென்று பேசினார்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனித் திருமஞ்சனக் கூட்டம் வீதியெல்லாம் நெரிந்துகொண்டிருந்த ஒரு நாள், அந்த வாடகை மாடியின் படியேறி ஒரு பெண் வந்தார். தனக்கோட்டி. அண்ணாகிராமம் பக்கத்து ஊர், முந்திரிக்கொட்டை உடைக்கிறவர், எங்கள் அட்டைகளுக்குப் பதில் சொன்னவர். கையில் விபூதிப் பொட்டலமும், வாழையிலையில் கட்டிய பலாச்சுளைகளும் இருந்தன. அந்த வாசனையில் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தோம்.

“வேதவல்லி பேருக்கு அர்ச்சன பண்ணேன் டாக்டரம்மா” என்றார். “நச்சத்திரம் கேட்டாரு, தெரியாது சாமின்னேன். பேரு மட்டும் சொல்லிப் பண்ணிட்டாரு. இத அவுங்ககிட்ட சேத்துடுங்க. பழமும் குடுங்க, எங்க மரத்துது.”

ஒரு ஊரின் பதில்கள் அத்தனையும் பாழ் என்பது அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. மேடம் விபூதியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பலாச்சுளையைப் பார்த்து ஒரு கணம் யோசித்தார்.

“கிட்னி போனவங்க பலாப்பழம் தொடக் கூடாது தனக்கோட்டி. அதுல ஒரு சத்து ஜாஸ்தி, நெஞ்சையே நிறுத்திடும்.”

“அய்யோ சாமி, தெரியாதே. அப்ப நீங்க சாப்புடுங்க. வேதவல்லிகிட்ட சொல்லிடாதீங்க, ஆசப்படுவாங்க.”

அவர் படியிறங்கிப் போன பிறகு நான் ஆடிய ஆட்டத்தை அன்று அங்கிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குடி கெட்டது, இனி இந்த எண்களை எவன் நம்புவான் என்று மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மேடம் நிதானமாகச் சுளை தின்றுகொண்டிருந்தார். “வேதவல்லிக்குப் பத்தியம் சொல்லிட்டேன், வேற என்ன செய்ய?” என்றார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இல்லை.

ஆனால் அடுத்த வாரமே என்னை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனார். உண்மையைச் சொன்னார். வேதவல்லி என்று யாருமில்லை, பேர் நாங்கள் வைத்தது, நோய் மட்டும் நிஜம், தவறு தன்னுடையது என்றார். தனக்கோட்டி கொட்டை உடைப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லாத பொம்பளைக்கா நான் மொட்ட வெயில்ல கோயிலச் சுத்துனேன்?” என்றார். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. மேடம் அவருக்கு அருகில் தரையில் உட்கார்ந்தார். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லிக் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை, அவர் கோபம் ஆறட்டும் என்று இருந்தார். எனக்கோ நிலைகொள்ளவில்லை. வெளியே போய் ஜீப்பைச் சுற்றி நடந்தேன். பேர் வைத்து வாங்கிய பதில்களையெல்லாம் மேடமே தள்ளிவிட்டார். பேரில்லாத அட்டைகளோடு வேலை முதலிலிருந்து தொடங்கியது.

அந்தக் குழப்பத்திலிருந்து மேடம் ஒன்றை மட்டும் கைவிடாமல் பிடித்துக்கொண்டார். ஊர் ஊராக நம்மைக் கேட்டார்களே, யாரு பாத்துக்கறாங்க என்று, அதை நம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார். பார்த்துக்கொள்கிறவரின் ஆண்டுகளும் போகின்றன, அவை எந்தப் பக்கத்திலும் இல்லை என்பது அவர் கட்சி. “வூட்டுல ஒருத்தருக்கு நோவுன்னா ரெண்டு பேரு படுக்கறாங்க பூவராகன். ஒருத்தரு கட்டில்ல. இன்னொருத்தரு நின்னுகிட்டே” என்பார். நான் விடவில்லை. இந்தக் கணக்கின் நியாயமே உடம்பை மட்டும் பார்ப்பதில்தான் இருக்கிறது. ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒரே நோய்க்கு ஒரே எடை. ஆள் இருக்கிறவர், ஆள் இல்லாதவர் என்று பிரிக்க ஆரம்பித்தால், நாளைக்கு ‘உங்களுக்குத்தான் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறதே’ என்று மருந்தைக் குறைப்பார்கள். இன்றைக்கும் இது சொத்தை வாதம் என்று நான் நினைக்கவில்லை. வருஷக் கணக்கில் இதே சண்டைதான். டீக்கடையில், ஜீப்பில், ஸ்ரீமுஷ்ணத்தில் என் மகள் கல்யாணப் பந்தியில்கூட. பாயசம் பரிமாற வந்தவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். அறிக்கை வெளிவந்தபோது பார்த்துக்கொள்கிறவர்கள் அதில் இல்லை. நான் ஜெயித்திருந்தேன்.

பிறகு மேடத்துக்கே சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் போனது. வாரத்தில் மூன்று நாள் கடலூரில் இயந்திரம். சவரிமுத்து அண்ணன் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நேரம் தவறாத மனிதர். விடிவதற்கு முன் எழுந்து, காய்களை நறுக்கி வேகவைத்து, சத்து இறங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, உப்பில்லாமல் சமைத்து, குடிக்க வேண்டிய தண்ணீரை அளந்து ஊற்றிக்கொண்டு, மேடத்தை வண்டியில் உட்கார வைத்து ஓட்டிப் போவார். தனக்கு வேறு, மனைவிக்கு வேறு என்று அவர் சமைக்கவில்லை. “அவ எதிர்ல உக்காந்து நான் ஒறப்பா உப்பா தின்னுகிட்டு இருக்க முடியுமா?” என்றார் என்னிடம்.

பலாப்பழக் காலம் வந்தால் ஆஸ்பத்திரி போகிற சாலையெல்லாம் பண்ருட்டிப் பழம் குவிந்து கிடக்கும். மேடம் அண்ணனை வண்டியை ஓரம் கட்டச் சொல்வாராம். இறங்க மாட்டார், வாங்க மாட்டார். கொஞ்ச நேரம் வாசனை பிடித்துவிட்டு, போகலாம் என்பார். “வேதவல்லிக்குச் சொன்ன பத்தியம் எனக்கே வந்துருச்சு பாருங்க” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு வெளியே வந்ததும் எனக்கு யார் மேலென்று தெரியாத கோபம் வந்தது.

அவர் போவதற்கு முந்தைய வாரம் முதுநகர் வீட்டில் அவரைக் கடைசியாகப் பார்த்தேன். அண்ணன் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். சப்தம் கேட்டது. மேடம் அந்தச் சப்தத்தைக் கேட்டுக்கொண்டே சொன்னார்.

“நீங்க சொன்னதுதான் சரி பூவராகன். பாத்துக்கறவங்களக் கணக்குல சேக்கக் கூடாது.”

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. காதில் விழுந்தபோது இனிக்கவே இல்லை. ஏன் மேடம் என்றேன்.

“சேத்தா, நான் அவருகிட்டேருந்து எவ்ளோ எடுத்துக்கிட்டேன்னு ஒரு எண்ணு வந்துடும். அத நான் பாக்க மாட்டேன்.”

சிதம்பரம் திரும்பி, நான்கு வீதிகளையும் சுற்றினேன், மறுநாளும் சுற்றினேன். வீட்டில், “ஒரு எடத்துல உக்காருங்களேன், பாக்கற எங்களுக்குத் தலை சுத்துது” என்றார்கள். அந்த வாரக் கடைசியில்தான் எனக்குப் பதில் கிடைத்தது. இல்லை மேடம், நீங்கள் முன்னால் சொன்னதுதான் சரி. எண்ணாமல் விட்டால், அண்ணன் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிடும். எடுத்தவருக்குப் பார்க்கக் கஷ்டம் என்பதற்காகக் கொடுத்தவரின் கணக்கை அழிப்பதா? இதைத்தான் சொல்லப் போய்க்கொண்டிருந்தேன். நான் அவர் கட்சிக்கும் அவர் என் கட்சிக்கும் மாறியபடி இன்னொரு பத்து வருஷம் சண்டை போட்டிருப்போம். ஆலப்பாக்கத்தோடு நின்றுபோனது.

அடக்கத்தன்று பேண்டு செட் வந்திருந்தது. தெரு முழுக்கச் சப்தம். சாவுக்கு மேளம் உண்டு என்று சொன்னவரின் சாவுக்கும் மேளம் வந்துவிட்டது, இத்தனை நாள் அந்த வீட்டில் நடந்ததற்கு ஒரு சப்தமும் இருந்ததில்லை என்று நினைத்தபோது, அழுகை வந்து நான் கூட்டத்திலிருந்து விலகி ரயிலடி வரைக்கும் போய்விட்டு வந்தேன்.

போன வாரம் மறுபடி முதுநகருக்குப் போனேன். சவரிமுத்து அண்ணன் தனியாக இருந்தார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றார். பேச்சுவாக்கில் மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வந்தது. விடிவதற்கு முன் விழிப்பு வந்துவிடுகிறதாம். ஆஸ்பத்திரி நாளாக இருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்து, சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்துவிடுகிறாராம். அடுப்படியில் காய் வெந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து போய்த் தண்ணீரை வடித்துக் கொட்டினார்.

“இன்னும் ஏண்ணே அப்படியே சமைக்கறீங்க?”

“பழகிடுச்சு.”

நமது அட்டவணையில் அண்ணனை எங்கே வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை, கை கால் சரியாக இருக்கிறது. முழு நலம். பூஜ்யம். எனக்கு அங்கே உட்காரவும் முடியவில்லை, கிளம்பவும் முடியவில்லை. எழுந்து ஜன்னல் வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன். பிறகு பழைய அட்டை ஒன்றைப் படிப்பதுபோல ஆரம்பித்தேன். மேடம் அட்டைகளை முதலில் அண்ணனிடம்தான் படித்துக் காட்டிப் பழகுவார் என்பதால் அவருக்கு இந்த விளையாட்டு தெரியும்.

“ரெண்டு பேருண்ணே. ஒருத்தங்களுக்குக் கிட்னி போயி, வாரத்துல மூணு நாளு மிஷினு.”

“வேதவல்லி” என்றார்.

“ஆமா. இன்னொருத்தருக்கு ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. ஆனா விடிகாலையில எழுந்துடறாரு. போறதுக்கு எடம் இல்லாம வண்டிய ஸ்டார்ட் பண்ணி அணைச்சிடறாரு. உப்பில்லாம சமைச்சுச் சாப்புடறாரு, அவருக்கு எந்தப் பத்தியமும் இல்ல. இந்த ரெண்டு பேருல யாரு நல்லா இருக்காங்க?”

அண்ணன் பரீட்சை எழுதுகிறவரைப்போல யோசித்தார். தன்னைத்தான் சொல்கிறேன் என்பது அவருக்குப் பிடிபடவில்லை.

“அந்த ரெண்டாவது ஆளு எந்த ஊரு?”

“நம்ம முதுநகருதாண்ணே.”

“ஒண்டியாவா இருக்காரு?”

“ஆமாண்ணே.”

“பாவம்” என்றார். “யாரு பாத்துக்கறாங்க?”

மேடத்திடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தக் கேள்விதான். அடுத்த அறிக்கையில் இதைச் சேர்க்கச் சொல்லி உங்கள் எல்லோரோடும் சண்டை போடப் போகிறேன், அவர் இருந்திருந்தால் என்னை எதிர்த்திருப்பார் என்று தெரிந்தே. ஆனால் அன்றைக்கு, அந்த வீட்டில், அது அறிக்கைக்கான கேள்வியாக எனக்குக் கேட்கவில்லை. தோள்பையைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.

“நான் இன்னிக்கு இங்கதான் சாப்புடறேண்ணே” என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். வண்டி, விடிகாலை, காய் வேகவைத்த தண்ணீர், எல்லாம் அப்போதுதான் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனார்.

“உங்களுக்கு உப்புப் போடணும் இல்ல?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“போடுங்க. ரெண்டு பேருக்கும் போடுங்க.”

உப்பு ஜாடி எங்கே இருக்கிறதென்று தேடியெடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது.